யார் இடுப்பில் எவ்வளவு

வெளிநாட்டுக்குக் குடும்பமாகக் கிளம்பும்போது செலவுப் பணத்தை எப்படி எடுத்துப்போவது என்று பேச உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் பேச்சு நழுவி, யார் கையில் வைத்துக்கொள்வது என்பதில் வந்து நிற்கும். 2004 மே மாதம் சிங்கப்பூரும் மலேசியாவும் போய்வரத் திட்டமிட்டபோது எங்கள் கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் அப்படித்தான் நின்றது. அப்பாவுக்கு டிராவலர்ஸ் செக். அம்மாவுக்கு ரொக்கம். என் கணவருக்கு கிரெடிட் கார்டு. மூவரும் "பத்திரம் பத்திரம்" என்றே பேசினார்கள். பணம் தன்னிடம் இருப்பதைத்தான் ஒவ்வொருவரும் பத்திரம் என்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால், யாருடைய வாதத்துக்கும் பெருக்கிச் சொல்லும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது.

அப்பா கூட்டுறவு வங்கியில் காசாளராகச் சேர்ந்து செயலாளராக ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க ரொக்கத்தை எண்ணியதாலேயே ரொக்கத்தை நம்பாதவர். நோட்டுக்குப் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை, தொலைந்தால் தொலைந்ததுதான் என்பார். டிராவலர்ஸ் செக் தொலைந்தால் எண்ணைச் சொல்லி மாற்று வாங்கிக்கொள்ளலாம்; அவருக்கு அது போதும். அவருடைய அப்பா ஈப்போவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். அங்கே செட்டியாரிடம் அந்த ஊர்ப் பணமான வெள்ளியைக் கட்டினால் இங்கே உண்டியல் சீட்டைக் காட்டி ரூபாயாக வாங்கிக்கொள்ளலாம் என்ற கதையை அந்த வாரத்தில் மட்டும் எத்தனையோ தடவை கேட்டோம். "நோட்ட முடிஞ்சுக்கிட்டு எவனாவது கடல் தாண்டுவானா?" கடல் தாண்டிய பணமெல்லாம் கையெழுத்தாகத்தான் தாண்டியிருக்கிறது என்பது அவர் கட்சி.

அம்மா பதிலே சொல்லவில்லை. பழைய உள்பாவாடை ஒன்றை எடுத்து, உட்பக்கத்தில் ஜிப் வைத்த பை தைக்க ஆரம்பித்திருந்தாள்.

அந்த மாதம் தேர்தல் முடிவு வேறு வந்தது. ஏப்ரலில் 44 ரூபாயை ஒட்டிப் புழங்கிக்கொண்டிருந்த டாலர், மே 17ஆம் தேதி பங்குச் சந்தை சரிந்த கையோடு 45-ஐத் தாண்டிப் போய்விட்டது. அப்பா பேப்பரை மடித்துவைத்து, "நாலு நாள் பொறுத்தா எறங்கும்" என்றார். "நாலு நாள்ல ஏரோப்ளேனே கெளம்பிரும்" என்றாள் அம்மா. டாலருக்கு ஒன்றேகால் ரூபாய் ஏறினால் ஆயிரம் டாலருக்கு 1,250 ரூபாய் என்று நான் சொன்னதும் அப்பா மறுநாள் சென்னை கிளம்பிவிட்டார். தி. நகரில் சாமான் வாங்க வேண்டும் என்று அம்மாவும், துணைக்கு நானும்.

அண்ணா சாலையில் ஒரு கட்டடத்தின் மாடி. சுவர்ப் பலகையில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் எதிரே அவர்கள் வாங்கும் விலை, விற்கும் விலை என்று வரிசைகள். அதிலும் நோட்டுக்கு ஒரு விலை, செக்குக்கு ஒரு விலை. செக் சில பைசா மலிவு. நோட்டென்றால் நாடு விட்டு நாடு கொண்டுவந்து, காவல் போட்டு, பெட்டகத்தில் முடக்கி வைக்க வேண்டும். செக்குக்கு அந்தச் செலவு கிடையாது. அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் என் பேர்லயே போட்ருங்க தம்பி."

கவுன்டரில் இருந்த பையன் எழுதப் போனவன் நிறுத்தினான். "சார், அங்க போய் உங்களுக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சுன்னா கையெழுத்த யார் போடுவாங்க? பாதிய அம்மா பேர்ல எடுத்துருங்க. அவங்க பாஸ்போர்ட்டும் இருக்குல்ல?"

இந்த வாதத்தை அப்பா எதிர்பார்க்கவில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் தமிழ்லதாம்ப்பா போடுவேன்."

"எதுல போட்டாலும் சரிம்மா. இப்ப மேல ஒண்ணு போடுறீங்க. அங்க காசு வாங்குறப்ப அவங்க கண்ணு முன்னாடி கீழ ஒண்ணு போடணும். ரெண்டும் ஒண்ணா இருந்தாப் போதும்."

இந்த இரட்டைக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மனிதரின் கோபம் இருக்கிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் தலைவராக இருந்த ஜே. சி. ஃபார்கோ ஐரோப்பாவைச் சுற்றப் போனார். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் வங்கியின் கடன் உறுதிக் கடிதத்தைக் கொண்டுபோய்ப் போகிற ஊரில் பணம் பெறுவது வழக்கம். பெரிய நகரங்களை விட்டு வெளியே வந்ததும் அவர் கடிதத்தைச் சீந்துவார் இல்லை. ஊர் திரும்பியவர், என் போன்றவனுக்கே இந்தக் கதி என்றால் சாதாரணப் பயணி என்ன செய்வான் என்று மார்செல்லஸ் பெர்ரி என்ற தன் ஊழியரிடம் வேலையை ஒப்படைத்தார். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது அதே கையெழுத்து என்ற பெர்ரியின் ஏற்பாடு 1891இல் வெளிவந்தது. ஆளைத் தெரியாத ஊரில் ஆளுக்குச் சாட்சி அவன் கையே. அதற்கு முன்பே, 1874இல், தாமஸ் குக் நிறுவனம் தன் பயணிகளுக்கு ஏறக்குறைய இதே வகைச் சீட்டு கொடுத்திருக்கிறது. ஆனாலும் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது பெர்ரியுடையதுதான்.

அம்மா ஒவ்வொரு தாளாக, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, தன் முழுப் பெயரையும் எழுதினாள். அவள் கையெழுத்தே அவ்வளவுதான்; சுழியும் கிடையாது, கீழ்க்கோடும் கிடையாது. அப்பாவுடையது செயலாளர் கையெழுத்து. பேனா எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று அவருக்கே தெரியாது. பிறகு பையன் பாஸ்போர்ட்டுகளின் கடைசிப் பக்கத்தில் யாருக்கு எவ்வளவு கொடுத்தான் என்று எழுதி முத்திரை குத்தினான். ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வாங்கலாம் என்று அப்போது விதி. எங்கள் தொகையை அந்தப் பக்கத்தில் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அம்மாவின் பிடிவாதத்துக்காகக் கொஞ்சம் டாலர் நோட்டும் எடுத்தோம். அப்பா பழக்க தோஷத்தில் எண்ணி முடித்து, மேல் நோட்டின் ஓரத்தில் எண்ணிக்கையைக் குறிக்கப் பேனாவைத் திறந்தார். பையன் பதறிக் கையைப் பிடித்தான். "ஒரு கோடு இருந்தாலும் அங்க வாங்க மாட்டாங்க சார்." நம்மூர் வங்கிகளில் நோட்டு என்பது பாதி பணம், பாதி குறிப்பேடு. டாலர் அந்த மரியாதைக் குறைவைப் பொறுக்காது. கோடு, கிழிசல், தலை சின்னதாக அச்சான பழைய வரிசை எதுவானாலும் தென்கிழக்காசிய நாணய மாற்றுக் கடைகளில் விலை குறையும், இல்லாவிட்டால் திரும்பி வரும்.

சிங்கப்பூரில் முதல் செக்கை அப்பா ஒரு வங்கியில்தான் மாற்றுவேன் என்றார். வங்கி ஆள் வங்கியைத்தான் தேடுவார். குளிர்சாதன அறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சீனப் பெண். அப்பாவுக்கு அந்த வயதில் வலது கையில் லேசான நடுக்கம் தொடங்கியிருந்தது. யாராவது உற்றுப் பார்த்தால் கூடும். அவள் உற்றுப் பார்த்தாள். பார்க்க வேண்டியது அவள் வேலை. கீழ்க் கையெழுத்தின் சுழி மேல் கையெழுத்தின் சுழியோடு சேரவில்லை. பின்பக்கம் இன்னொரு தடவை போடச் சொன்னாள், பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள், உள்ளே போய் யாரையோ கேட்டு வந்தாள். கடைசியில் கொடுத்துவிட்டாள், கமிஷன் பிடித்துக்கொண்டு. முப்பத்தைந்து வருடம் மற்றவர் கையெழுத்தைச் சரிபார்த்த மனிதர் வெளியே வந்து ஒன்றும் பேசவில்லை. அம்மாவும் ஒன்றும் பேசவில்லை. வழக்கமாக அவள் விடக்கூடிய வாய்ப்பு இல்லை அது.

அடுத்த முறை தேக்காவில். சிராங்கூன் சாலையை ஒட்டி ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி அளவில் ஒரு நாணய மாற்றுக் கடை. சிங்கப்பூரில் இந்தத் தொழிலில் தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்து ஆர்கேட் கட்டடம் அவர்கள் கடைகளுக்கே பேர்போனது. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் கிட்டங்கி வைத்திருந்த காலமும் உண்டு. அப்பா சொன்ன உண்டியல் கதையின் அந்தக் கோடி இந்த மாதிரித் தெருக்கள்தான். கடைக்காரருக்கு ராமநாதபுரத்துப் பேச்சு.

"ரொக்கமா இருந்தா நூறு டாலருக்கு நூத்தி எழுவது வெள்ளி தருவேன். செக்குன்னா ரெண்டு வெள்ளி கொறையும்மா." கால்குலேட்டரில் தட்டி அதை அம்மா பக்கம் திருப்பி வைத்தார். பேசிய விலை வேறு, கொடுத்த விலை வேறு என்ற பேச்சுக்கு இடமில்லாமல் செய்யும் வழக்கம் அது.

அம்மா கீழே கையெழுத்துப் போட்டாள். அவர் மேலும் கீழும் பார்த்தார், பெயரை வாய்விட்டுப் படித்தார். "எங்க உம்மாவும் இப்படித்தான், முழுப் பேரையும் எழுதும்." பாஸ்போர்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு நோட்டுகளை எண்ணி வைத்தார். அதில் ஒரு பத்து வெள்ளி நோட்டு வழவழவென்று இருந்தது. அந்த மாதம்தான் சிங்கப்பூரில் பத்து வெள்ளியை பாலிமரில் வெளியிட்டிருந்தார்கள். அம்மா அதைக் கசக்கிப் பார்த்தாள். "தண்ணியில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாதும்மா" என்றார் அவர். அப்பாவின் பக்கம் திரும்பி அம்மா, "ஏங்க, நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாதாம்" என்றாள். அப்பாவின் இடுப்புப் பெல்ட்டில் இருந்த செக்குகள் அதற்குள் வியர்வையில் ஊறி ஓரம் சுருண்டிருந்தன.

அதிலிருந்து மாற்றுகிற வேலை அம்மாவுடையதாகிவிட்டது. யாரும் அறிவிக்கவில்லை, அப்பா தன் செக்குகளை ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோவோம் என்று வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கார்டு விஷயம் வேறு மாதிரி. ஓட்டலுக்கும் சில சாப்பாட்டுக்கும் என் கணவர் சத்தமில்லாமல் கார்டைத் தேய்த்துவிடுவார். மாப்பிள்ளை காசில் வெளிநாடு பார்த்தோம் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்பது அப்பாவின் கவலை. ரொக்கமாக இருந்தால் சட்டைப் பையைப் பிடித்துத் தடுக்கலாம், முந்திக்கொள்ளலாம். இதை எப்படித் தடுப்பது?

"எவ்வளவு ஆச்சு தம்பி? ரூபாயில சொல்லுங்க."

"பில் வந்தாத்தான் மாமா தெரியும்."

செலவழித்தாயிற்று, ஆனால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு நிலை கூட்டுறவுச் சட்டத்தில் இல்லை. ஜூன் கடைசியில் அறிக்கை வந்ததும் அப்பா வரி வரியாகப் பார்த்தார். ஒவ்வொரு தொகையிலும் மூன்றரை சதவீதம் கூடுதலாக ஏறியிருந்ததைக் கண்டுபிடித்ததில் அவருக்கு வருத்தத்தைவிடத் திருப்திதான் அதிகம். மாப்பிள்ளை மறுக்க மறுக்க அந்தத் தொகைக்குச் செக் எழுதிக் கொடுத்தார்.

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்தில் போனோம். கோல்டன் மைல் கட்டடத்தின் வாசலில் காலையில் ஏறினோம். நாணய மாற்றுக் கடைகள் அப்போது திறந்திருக்கவில்லை. ஜோகூரில் குடிநுழைவு வரிசையில் நின்றதில் ரிங்கிட் நினைவே யாருக்கும் இல்லை. யோங் பெங் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வண்டி நின்றபோது எங்களிடம் டாலர் செக் இருந்தது, அமெரிக்க டாலர் இருந்தது, கார்டு இருந்தது, சிங்கப்பூர் வெள்ளி இருந்தது. கழிப்பறைக்கு இருபது காசு கேட்டார்கள். என் மகன் காலை மாற்றி மாற்றி நின்றான்.

அம்மா சுருக்குப் பையைத் திறந்து சிங்கப்பூரின் இருபது காசை வைத்தாள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கிழவர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். டீக்கடையிலும் அதே சந்தோஷம். ஒரு ரிங்கிட்டுக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளி. சிங்கப்பூர் வெள்ளி அன்று 26 ரூபாய்க்கு மேல், ரிங்கிட் 12 ரூபாய்க்குக் கீழ். "இருபத்தாறு ரூவா காச பன்னெண்டு ரூவாய்க்குக் கேக்குறானே" என்று அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். 1967 வரை இரண்டு ஊருக்கும் ஒரே நோட்டு. அதற்குப் பின்னும் 1973 வரை ஒன்றுக்கு ஒன்று செல்லும் என்று ஒப்பந்தம் இருந்தது. அந்த டீக்கடைக்காரர் தன் வசதிக்கு அந்த ஒப்பந்தத்தை இன்னும் ரத்து செய்யவில்லை. கடைசியில் எல்லோருக்குமாக இரண்டே டீ வாங்கிப் பகிர்ந்தோம்.

மலேசியாவில் அப்பாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. 1998 செப்டம்பரிலிருந்து ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று அரசாங்கமே நிலையாக நிறுத்தி வைத்திருந்தது. நேற்றும் 3.80, இன்றும் 3.80. கடைக்குக் கடை சில காசு வித்தியாசம் இருக்கும், அவ்வளவுதான். பேப்பரைப் பார்க்க வேண்டாத ஒரு விலை உலகத்தில் இருக்கிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. பத்து மலையில் 272 படி ஏறி உண்டியல் முன்னால் நின்றபோது மட்டும் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினார். அவர் இடுப்பில் நூற்றுக்கணக்கில் டாலர் இருந்தது, முருகனுக்குப் போட ஒரு நோட்டு இல்லை. அம்மா ஜிப்பைத் திறக்க மறைவு தேடிப் போனாள்.

இந்தக் கணக்கில் நான் எங்கே இருந்தேன் என்று சிங்கப்பூரின் முஸ்தபா கடையில்தான் தெரிந்தது. சக ஆசிரியைகளுக்குப் பேனாவும் சாக்லேட்டும் எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு வந்தால், என் கையில் ஒரு வெள்ளி இல்லை. அப்பாவிடம் கேட்டால் செக்கை மாற்ற வேண்டும். கணவரிடம் கேட்டால் கார்டு, பிறகு அப்பாவின் விசாரணை. அம்மாவிடம் கேட்டேன். "எதுக்கு இத்தன பேனா?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தாள். மாதச் சம்பளம் வாங்குகிறவள் நான். பிள்ளைகளுக்குக்கூட ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுத்திருந்தார்கள். மகள் அதை ஒரு மணி நேரத்தில் முடித்தாள். மகன் எதைப் பார்த்தாலும் இருபத்தாறால் பெருக்கி, எதையும் வாங்காமல் அப்படியே வைத்திருந்தான். அந்த வரிசையில் எனக்கு மட்டும் பங்கு இல்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் எரிச்சல்.

அதனால் இப்போது வெளிநாடு என்றால் முதல் காரியமாக, போகிற ஒவ்வொருவர் கையிலும் அந்த ஊர் நோட்டில் கொஞ்சம் கொடுத்துவிடுகிறேன், கணக்குக் கேட்பதில்லை என்ற நிபந்தனையோடு. மீதிக்கு என்ன வழியோ வைத்துக்கொள்ளலாம். டிராவலர்ஸ் செக் இருந்த இடத்தில் இப்போது ஃபாரெக்ஸ் கார்டு. போகிற நாட்டுப் பணத்தையே ஏற்றிக்கொண்டால் நல்லது. டாலரை ஏற்றி வேறு பணத்தில் தேய்த்தால் மாற்றுக் கட்டணம் தனி. கடையில் மெஷின் "ரூபாயில் கட்டுகிறாயா?" என்று இனிக்க இனிக்கக் கேட்டால் வேண்டாம் என்று அந்த ஊர்ப் பணத்தையே அழுத்த வேண்டும், ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலைதான். விதிகளும் தாராளம். நிதியாண்டுக்கு ஆளுக்கு 2,50,000 டாலர் வரை வழி இருக்கிறது, அதில் ரொக்க நோட்டாகப் பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் நம் யுபிஐ செல்லுகிறது. அந்த வருஷம் யாழ்ப்பாணம் போனபோது மகள் போனை ஆட்டிக்கொண்டே வந்தாள். நல்லூர்க் கந்தசாமி கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். எண்பது வயது அம்மா பையைத் திறந்து சில்லறையை எடுத்து, பேத்திக்கும் சேர்த்து வாங்கினாள்.

2004 பயணத்தில் மிஞ்சியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்பா தன் செக்குகளை அதே மாடிக்குக் கொண்டுபோய் அவர்கள் வாங்கும் விலைக்கு விற்றார். விற்ற விலைக்கும் வாங்கும் விலைக்கும் நடுவே போனதைப் "பிரீமியம் மாதிரின்னு வச்சுக்க" என்றார். அம்மாவிடம் நாற்பது சிங்கப்பூர் வெள்ளி இருந்தது. அதையும் கேட்டார். அந்த அளவுக்கு வீட்டில் வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது என்று அவரே முன்பு சொல்லியிருந்ததால் அம்மா கொடுக்கவில்லை.

அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் கப்பல் பட்டறை வேலைக்குச் சிங்கப்பூர் கிளம்பினான். இறங்கியதும் கைச்செலவுக்கு ஆகுமென்று அம்மா அந்த நாற்பது வெள்ளியை எடுத்தாள். அப்பா வாசலிலேயே மறித்தார்.

"வெளிநாட்டுப் பணத்த லைசென்ஸ் உள்ளவங்ககிட்டதான் விக்கணும். நீ விக்கிறது சட்டப்படி தப்பு."

"யாரு விக்கிறா? மொய் வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் அந்தப் பையனின் அம்மா ஒரு மரக்கால் உளுந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒரு வருஷம் கழித்து லீவில் வந்தவன் அம்மாவுக்கு ஆறு பாட்டில் கோடாலித் தைலமும் ஒரு டார்ச் லைட்டும் கொடுத்தான். அப்பா கணக்கு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு பாட்டில் அங்கே என்ன விலை என்று அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா உள்ளேயிருந்து, "அத எந்தப் பக்கமும் எழுதாதீங்க" என்றாள்.